மோட்டார் வண்டியின் அடியில் எழும் ஓசைகள்

பாவித்த மோட்டார் வண்டியொன்றை விலைக்கு வாங்கப் புகுவோர் பெரும்பாலும் கண்ணையே நம்புகின்றனர். வர்ணம் மங்கியுளதா, இருக்கை கிழிந்துளதா, ஓடிய தூரத்தைக் காட்டும் எண் எத்துணை என்பனவே அவர்தம் ஆராய்ச்சியாக அமைகின்றன. வர்ணத்தை ஒரு வாரத்திற் புதுப்பித்துவிடலாம். தூரங்காட்டும் எண்ணைப் பின்னோக்கித் திருப்புதலும் நடவாத காரியமன்று. ஆயின், வண்டியின் அடியிலே, சில்லுகளுக்கும் அச்சுகளுக்கும் இடையே பிறக்கும் ஓசையை அத்துணை எளிதாக மறைத்தல் இயலாது. அதனைக் கேட்கத் தெரிந்தவன் வண்டியின் வயதையும் வரலாற்றையும் விற்பவர் வாயிலிருந்து அறிய வேண்டியதில்லை.

இப்பொன்மலருக்குத் தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து இலக்கியக் கட்டுரையே எதிர்பார்க்கப்படும் என்பதை யானறிவேன். எனினும் நம் பழைய மாணவர் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். ஊரிலிருக்கும் பெற்றோருக்கு ஒரு வண்டி வாங்கப் பணம் அனுப்பிவிட்டு, "சேர், ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ" என்று கேட்கும் அன்பர்களுக்கு யான் தனித்தனியே கூறிவந்ததை ஈண்டு ஒருங்கே எழுதுகின்றேன். இலங்கையில் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் இடம்பெறலாயிற்று. அவ்வைந்து ஆண்டுகளில் நாட்டிலிருந்த வண்டிகளே கைக்குக்கை மாறின. அவற்றின் விலையும் ஏறியது. பல்லாண்டுச் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்துக் கொடுத்து வாங்கும் பொருளின் மீதுதான் மனைவி மக்களை ஏற்றிச் செல்கின்றோம். ஆகவே வினா பணத்தைப் பற்றியது மட்டுமன்று.

ஓசைகளுக்குப் பெயரிடுவதில் நம் தமிழ்மொழிக்குக் குறைவில்லை. கடகட, கறகற, கிறுகிறு, சலசல, டொக்கு, ணங்கு எனச் செவிக்கெட்டியவாறே சொல்லாக்கிக்கொள்ளும் வளம் நமக்குண்டு. ஆயினும் வண்டியைச் சோதிக்குமிடத்து இப்பெயர்கள் நாம் எண்ணுமளவுக்குத் துணைசெய்வதில்லை. ஒருவருக்குக் கடகடவென்று கேட்பது மற்றொருவருக்குத் தடதடவென்று கேட்கின்றது. 'மா' என்ற ஓரெழுத்தொருமொழி மரமோ, விலங்கோ, அரிசியை இடித்த மாவோ என்பதை அது நின்ற இடமன்றோ காட்டுகின்றது? வண்டியின் ஓசையும் அத்தகையதே. எப்படிக் கேட்கின்றது என்பதினும் எப்பொழுது கேட்கின்றது என்பதே பெரிது. வண்டி நிற்கும்பொழுதும் எழுகின்றதா? ஓடினால் மட்டுமா? வேகத்தோடு ஏறுகின்றதா, எஞ்சினின் முறுக்கத்தோடு ஏறுகின்றதா? திரும்பும்பொழுதா, பள்ளத்தில் விழும்பொழுதா, பிறேக்கை மிதிக்கும்பொழுதா? ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, மற்றவற்றை இருந்தவாறே வைத்துக் கேட்பானாயின், பெயர் தெரியாதவனும் பழுதின் இருப்பிடத்தை நெருங்கிவிடுவான்.

வண்டியைப் பார்க்கச் செல்வதற்கு முன்னரே, எஞ்சினை இயக்கி வைக்க வேண்டாமென விற்பவரைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று. சென்றவுடன் எஞ்சின் மூடியின்மேற் கையை வைத்துப் பார்த்தால் அவர் சொற்படி நடந்தாரா என்பது தெரிந்துவிடும். குளிர்ந்த எஞ்சின் வெளிப்படுத்தும் சில ஓசைகள், சூடேறி உலோகம் விரிந்ததும் மறைந்துபோகும். வானொலியையும் குளிரூட்டியையும் நிறுத்திவிடுக. பாட்டை உரக்க வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிக் காட்டுபவர் எல்லாரும் இசைப்பிரியரென்று கொள்ளற்க. இடைவிடாது பேசிக்கொண்டேயிருக்கும் விற்பனையாளரும் அவ்வினத்தைச் சேர்ந்தவரே. கூடுமாயின் வண்டியோட்டத் தெரிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, அவரை ஓட்டச் செய்து, நாம் முன்னிருக்கையிலும் பின்னிருக்கையிலும் மாறி மாறியிருந்து கேட்க வேண்டும்.

இத்தகைய சோதனைக்கு யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளைப் போல வாய்ப்பான இடம் வேறில்லை. இருமருங்கும் மதிலெழுந்த குறுகிய ஒழுங்கையிற் கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினால், அடியிலெழும் ஓசை மதிலில் மோதித் திரும்பி நேரே காதில் வந்து விழும். வெட்டவெளியிற் கரைந்துபோகும் சிறு கீச்சொலியும் அங்கே தெளிவாகக் கேட்கும். வேகத்தோடு பிறக்கும் ஓசைகளுக்கு மட்டும் ஏ-9 போன்ற நேரான நல்ல வீதி வேண்டும்.

முதலில் வண்டி நின்றவாறே கேட்கும் ஓசைகளைப் பார்ப்போம். எஞ்சினை இயக்கி, மிதியை மெல்ல அழுத்தி விடும்பொழுது அடியில் ஏதேனும் தகரம் அதிர்வதுபோலக் கேட்டால் அஞ்ச வேண்டுவதில்லை. புகைக் குழாயின் வெப்பம் மேலே தாக்காவண்ணம் பொருத்தப்பட்ட மெல்லிய தகரக் கவசம், ஆணி துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். எஞ்சின் குறித்ததொரு முறுக்கத்தை அடையும்பொழுது மட்டும் அது ஒலித்துப் பின் அடங்கும். ஒரு கம்பி வளையத்தால் இறுக்கிவிடக்கூடிய பழுது இது. ஆயின், வண்டி குளிர்ந்திருக்கும்பொழுது குழாயை முட்டியால் தட்டிப் பார்க்குமிடத்து, கவசத்திலன்றி உள்ளேயே, பேணிக்குள் கூழாங்கற்கள் உருள்வதுபோல ஒலித்தால் அது வேறு கதை. புகையைத் தூய்மையாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் என்னும் பெட்டிக்குள், தேனடைபோல் அமைந்த பகுதி உடைந்து கிடக்கின்றதென்பதே அதன் பொருள். இதன் விலை கவசத்தின் விலையைப் போன்றதன்று.

குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் 'டிக் டிக்' என்றோ, 'புஸ் புஸ்' என்றோ விட்டுவிட்டுக் கேட்கும் ஒலி, புகைக் குழாயின் பொருத்தில் எங்கேனும் ஒழுக்கு இருப்பதைக் காட்டும். சூடேறியதும் பொருத்து இறுகி அது நின்றுவிடலாம். அதனாலேயே எஞ்சினைச் சூடாக்கி வைக்கும் விற்பனையாளர் உளர். இவ்வோசையை அற்பமென்று தள்ளிவிடுதல் தவறு. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு. வண்டித் தட்டிலே துவாரமிருந்து, கண்ணாடிகளும் மூடியிருக்குமாயின், உள்ளே உறங்கும் குழந்தை அதனைச் சுவாசித்துக்கொண்டே உறங்கும்.

கிளச்சுள்ள வண்டியாயின் இன்னொரு சோதனையையும் நின்றவாறே செய்துவிடலாம். கியரை நியூற்றலில் விட்டுக் கிளச்சிலிருந்து காலை எடுத்திருக்கும்பொழுது உறுமி, மிதித்தவுடன் அடங்கும் ஓசை கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் பெயாரிங்கைச் சுட்டும். மாறாக, மிதித்தவுடன் பிறந்து, காலை எடுத்தவுடன் மறைவது கிளச்சின் றிலீஸ் பெயாரிங்குக்குரியது. இரண்டிற்கும் கியர்ப் பெட்டியைக் கழற்ற நேருமாதலால் கூலியைக் கணக்கிட்டே விலை பேச வேண்டும்.

இனி, ஓடும் வண்டிக்கு வருவோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் மெல்லத் தொடங்கி, 60, 70 என ஏற ஏறத் தானும் உரத்துச் செல்லும் வண்டின் ரீங்காரம் போன்ற ஓசையே மக்களை மிகவும் மயக்குவது. எஞ்சினின் ஓசையென்றே பலர் இதனைக் கொள்வர். நெரிசலற்ற நேரான வீதியில், வேகத்தைக் குறையவிடாது கியரை நியூற்றலுக்கு மாற்றிப் பார்க்க. எஞ்சினின் முழக்கம் தணிந்தும் ரீங்காரம் தணியாதாயின் அது சில்லுகளோடு சேர்ந்ததே. அங்கும் ஓர் ஐயம் எழும். சில்லின் பெயாரிங் தேய்ந்தாலும், ரயர் ஒழுங்கின்றித் தேய்ந்தாலும் ஏறக்குறைய ஒரே ஒலி பிறக்கும். முன்னதற்குச் செலவு ஒன்று, பின்னதற்கு வேறொன்று. இவற்றைப் பிரித்தறியும் வழி யாது?

ரயரின் ஓசை வீதியின் தன்மையோடு மாறும். கரடான தாரிலிருந்து வழுவழுப்பான புதுத் தாருக்கு ஏறியவுடன் அது வேறாகும். பெயாரிங்கோ வீதியைப் பொருட்படுத்துவதில்லை. அடுத்து, அதே வேகத்தில், இடம் போதிய வீதியில், வண்டியை மெல்ல இடமும் வலமுமாக அசைத்துப் பார்க்க வேண்டும். இடப்புறம் திரும்பும்பொழுது வண்டியின் பாரம் வலப்புறச் சில்லின்மேற் சாயும். அப்பொழுது ரீங்காரம் மிகுந்து, வலப்புறம் திரும்பும்பொழுது குறையுமாயின், பழுது பெரும்பாலும் வலப்புறப் பெயாரிங்கிலேயே. பின்னர் வண்டியை நிறுத்தி, ரயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவிப் பார்க்க. ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் வாளின் பற்கள்போற் கையிற் குத்துமாயின் ரயர் ஒருபக்கமாகத் தேய்ந்துள்ளது. அஃது ஏன் அவ்வாறு தேய்ந்ததென்ற வினா அத்தோடு முடிவதில்லை. சில்லின் நேர் பிசகியிருக்கலாம், அல்லது வண்டி எங்கேனும் மோதுண்டு வளைந்திருக்கலாம்.

கராஜிற்குக் கொண்டுசென்று சில்லை உயர்த்தினால் ஐயம் முற்றாக நீங்கும். ஒரு கையால் சுருள்வில்லைப் பற்றிக்கொண்டு மறுகையாற் சில்லைச் சுழற்றினால், தேய்ந்த பெயாரிங்கின் கரகரப்பு வில்லின் வழியே விரல்களுக்கு வந்து சேரும். கடிகாரத்தில் 12, 6 ஆகிய எண்கள் நிற்குமிடங்களிற் கைகளை வைத்து அசைத்துப் பார்க்க. ஆட்டம் இருக்குமாயின், துணைவரைப் பிறேக்கை மிதிக்கச் செய்து மீண்டும் அசைக்க. ஆட்டம் நின்றால் பெயாரிங், நில்லாதாயின் போல் ஜொயின்ற் என்று கொள்ளலாம். 3, 9 நிற்குமிடங்களிற் பற்றி அசைக்கும்பொழுது மட்டும் தோன்றும் ஆட்டம் ஸ்ரியரிங் தண்டின் முனையைச் சேர்ந்தது. இங்கே ஒரு வார்த்தை: ஜக்கு ஒன்றை மட்டும் நம்பி வண்டியின் கீழே ஒருவரும் தலையை நீட்டற்க. உறுதியான தாங்கிகள் வைத்து, நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பின்னரே கீழே பார்த்தல் வேண்டும். செங்கற்களை அடுக்கித் தாங்கியாக்குவோரை யான் கண்டுள்ளேன். செங்கல் பாரத்தில் நொறுங்குமுன் எச்சரிப்பதில்லை.

திரும்பும்பொழுது எழும் ஓசை எளிதில் இனங்காணத்தக்கது. இக்காலத்துச் சிறு கார்களிற் பெரும்பாலானவற்றுக்கு முன்சில்லுகளே இழுவை. ஸ்ரியரிங்கை ஒருபுறம் முழுதாகத் திருப்பி, வட்டமாக ஓட்டி, மிதியைச் சற்று அழுத்தினால், 'டக் டக் டக்' என்று சில்லின் சுழற்சிக்கேற்ப ஒலிப்பது சி.வி. ஜொயின்ற். அதனை மூடியிருக்கும் இறப்பர் உறை கிழிந்து, உள்ளிருந்த கிறீஸ் வெளியே சிதறி, மண் புகுந்ததே மூலகாரணம். சில்லின் உட்பக்கத்தில் கிறீஸ் சிதறிய கறை இருக்கின்றதா என்று குனிந்து பார்த்தாலே போதும்.

பள்ளங்களில் விழும்பொழுது பிறக்கும் 'டொக்கு' ஒலிதான் எல்லாவற்றிலும் கவனத்தை வேண்டுவது. ஏனெனில், மலிவான பழுதும் உயிரைக் குடிக்கும் பழுதும் இங்கே ஒரே குரலிற் பேசுகின்றன. அயற்பாடசாலையில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் முன்சில்லிழுவைக் காரொன்றைப் பார்க்கச் சென்றபொழுது என்னையும் அழைத்துச் சென்றார். பளபளப்பான வண்டி. ஒழுங்கையின் ஒவ்வொரு குழியிலும் முன்புறத்தில் 'டொக்கு' என்றது.

"மாஸ்ரர், அது கீழ பிளாஸ்ரிக் தட்டுற சத்தம். ஓட ஓடச் சரிவரும்" என்றார் விற்பவர்.

இத்தகைய ஒலிக்கு முதலில் ஐயுற வேண்டியது ஸ்ரபிலைசர் லிங் என்னும் சிறு இணைப்பையே. வண்டி ஒருபக்கம் சாயாது காக்கும் குறுக்குத் தண்டைச் சில்லுப் பகுதியோடு பிணைப்பது அது. மலிவானது, மாற்றுதற்கு எளியது, தளர்ந்தாலும் சில்லைக் கழன்றோட விடாதது. அது தானா என்று அறிய ஒரு வழியுண்டு. ஒரு சில்லு மட்டும் குழியில் இறங்கும்பொழுது அக்குறுக்குத் தண்டு முறுக்குண்டு இணைப்பை இழுக்கும்; வேகத்தடையின்மேல் இரு சில்லுகளும் ஒருங்கே ஏறி இறங்கும்பொழுது முறுக்கமின்மையால் அவ்வோசை பெரிதும் குறையும். நாங்கள் வீதியிலிருந்த வேகத்தடையின்மேல் வண்டியை நேராக ஏற்றி இறக்கினோம். ஓசை குறையவேயில்லை. பிளாஸ்ரிக்கு என்ற விளக்கம் அத்தோடு வலுவிழந்தது.

அருகிலிருந்த கராஜில் வண்டியை உயர்த்தினார்கள். திருத்துநரான இளைஞர் கீழ்க்கைக்கும் சில்லைத் தாங்கும் பகுதிக்கும் இடையே சிறு அலவாங்கொன்றைக் கொடுத்து நெம்பினார். போல் ஜொயின்ற் கண்ணுக்குத் தெரியவே மேலும் கீழும் அசைந்தது. "இது கழண்டால் சில்லு வெளியால படுத்திடும், அண்ணை" என்றார் அவர். ஓடும் வேகத்தில் அஃது நிகழுமாயின் ஸ்ரியரிங் கையிலிருந்தும் பயனில்லை. விற்பவர் அதன்பின் பிளாஸ்ரிக்கைப் பற்றிப் பேசவில்லை, விலையைக் குறைத்தார். நண்பர் இருபுறத்துப் போல் ஜொயின்ற்றுகளையும் அங்கேயே மாற்றுவித்து, சில்லுகளின் நேரையும் சரிபார்த்த பின்னரே வண்டியை வீட்டிற்குக் கொண்டுசென்றார்.

போல் ஜொயின்ற்றைப் பற்றிப் பேசும்பொழுது நம்மூரின் மொறிஸ் மைனர் கார்களை மறத்தலாகாது. 1948இல் வெளிவரத் தொடங்கிய அக்காரைப் பேரன்போடு பேணுவோர் இன்றும் இங்குளர், விலைக்கும் வருகின்றது. அதன் முன்சில்லின் கீழே திருகாணிபோல் மரையிடப்பட்ட ஒரு பொருத்து உண்டு. காலந்தவறாது கிறீஸ் ஊட்டாவிடின் மரை தேய்ந்து, ஒருநாள் பொருத்துக் கழன்று, சில்லு மடிந்து வண்டி முகங்குப்புற நிற்கும். எனவே மொறிஸ் மைனர் வாங்குவோர், எஞ்சினைக் கேட்குமுன் கிறீஸ் ஊட்டும் முனைகள் துடைத்துப் பேணப்பட்டுள்ளனவா, மண் மூடிக் கிடக்கின்றனவா என்றே பார்த்தல் வேண்டும். 1990களின் எரிபொருள் தடைக்காலத்தில் இத்தகைய பழைய கார்கள் சிறிது பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் முன்கூட்டியே வெடித்துத் தட்டும். அத்தட்டலுக்குப் பழகிய நம் தலைமுறையின் காது, அடியிலெழும் ஓசையைப் பொருட்படுத்தாமல் விட்டதில் வியப்பில்லை.

பின்சில்லிழுவையுள்ள வான்களில் வேறு சில ஓசைகள் உள. எஞ்சினின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டின் பொருத்துகள் தேய்ந்தால், முன்கியரிலிருந்து பின்கியருக்கு மாற்றும்பொழுது 'ணங்' என்று ஓர் அடி கேட்கும். தேய்வு தொடங்கும் நிலையில், மெதுவாக ஓடும்பொழுது சிட்டுக்குருவி கத்துவதுபோன்ற கீச்சொலி வேகத்திற்கேற்ப விரையும். பொருத்திலே கிறீஸ் வற்றியதன் அடையாளம் அது. பின்னச்சின் நடுவே உள்ள டிபரன்ஷலின் முனகலோ, மிதியை அழுத்தும்பொழுது ஒருவிதமாகவும் விடும்பொழுது வேறுவிதமாகவும் ஒலிக்கும். அதற்குள்ளே மரத்தூளைக் கலந்து முனகலை அடக்குவது பழைய தந்திரம். எண்ணெய் திறக்கும் ஆணியைக் கழற்றி விரலால் தொட்டுப் பார்க்க விற்பவர் இசைகின்றாரா என்பதே அதற்கு மாற்று.

பிறேக்கைப் பற்றி நீட்ட வேண்டுவதில்லை. மெல்லிய கிறீச்சொலி, மிதித்தவுடன் நின்றால், தேய்ந்த கட்டையை மாற்றும் காலம் வந்ததென அறிவிக்க வைக்கப்பட்ட தகட்டின் குரலாக இருக்கலாம். மிதிக்கும்பொழுது இரும்போடு இரும்பு உராயும் கறகறப்பு எழுந்தால் கட்டை முற்றாகத் தீர்ந்துவிட்டது. அவ்வண்டியைச் சோதனைக்கென்றும் வேகமாக ஓட்டற்க. திடீரெனத் தோன்றிக் காதைக் கிழிக்கும் ஓயாத உராய்வு, சில வேளைகளில் தகட்டுக்குள் அகப்பட்ட சிறு கல்லாகவும் இருத்தல் கூடும்; வண்டியைச் சற்றுப் பின்னே செலுத்தினால் அது தானே விழுந்துவிடும்.

ஓசையெழுப்பாத பழுதும் ஒன்றுண்டு. அதனை நாமே தட்டி ஒலிக்கச் செய்தல் வேண்டும். கடற்காற்றில் நின்ற வண்டிகளின் அடித்தட்டும் சட்டமும் உப்பினால் துருவேறி உள்ளிருந்தே அரிபடும். விற்பதற்கு முதல்நாள் கறுப்புப் பூச்சொன்றை அடித்துவிட்டால் கண்ணுக்கு யாதும் தெரியாது. சந்தையிலே மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கிய நம் பாட்டிமார் செய்தவாறே, திருப்புளியின் கைப்பிடியால் அடித்தட்டைச் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டு செல்க. நல்ல இரும்பு கணீரென்னும். அரிபட்ட இடம் ஈர மரம்போல் மந்தமாக ஒலிக்கும். அங்கே திருப்புளியின் முனையைச் சற்றே அழுத்தினால் பூச்சு உதிர்ந்து உண்மை தெரியும். புதிதாகப் பூசப்பட்ட அடிப்பாகம் பழைய வண்டிக்குப் பெருமையன்று, ஐயத்திற்கிடமே.

மின்னாற்றலும் பெற்றோலும் கலந்தோடும் கார்களை வாங்குவோருக்கு ஓர் அனுகூலமுண்டு. எஞ்சின் உறங்க, மின்னிற் காரோடும் அச்சிறு தூரத்தில், வேறொரு வண்டியில் மறைந்துபோகும் பெயாரிங்கின் முனகலும் இறப்பரின் கிறுகிறுப்பும் மறைவின்றிக் கேட்கும். ஆகையால் அவ்வண்டிகளை ஒழுங்கையில் மெதுவாக ஓட்டிப் பார்க்கும் நேரத்தை இரட்டிப்பாக்குக. இறப்பர்ப் பொருத்து எதுவென ஐயமெழுந்தால், ஒரு போத்தல் தண்ணீரை ஒவ்வொரு பொருத்தின்மேலும் முறையே தெளித்து வண்டியை அமுக்கிப் பார்க்க. எது நனைந்ததும் கீச்சொலி சிறிது நேரம் அடங்குகின்றதோ, அதுவே குற்றவாளி.

இவ்வளவும் செய்வதற்கு அரைநாட் பொழுது வேண்டும். கராஜில் உயர்த்திப் பார்ப்பதற்குச் சிறு கூலியும் வேண்டும். அக்கூலியை வாங்குபவரே கொடுத்தல் முறை. தாம் அறிந்த கராஜிற்கே கொண்டுசெல்ல வேண்டுமென விற்பவர் வற்புறுத்தினால், நாம் அறிந்த வேறொன்றிற்கும் சேர்த்துச் செல்லலாம். வண்டியை உயர்த்தவே இசையாதவரிடம் வாதிட்டுக்கொண்டிராது, மரியாதையாக விடைபெற்று, அடுத்த வண்டியைப் பார்க்கச் செல்க.